பழி இறங்கும் படிகள்

இயான் மெக்யூவனின் 'அடோன்மென்ட்' (2001) நாவலைப் போர் பிரித்த காதலின் கதை என்பார்கள். போருக்கு முன்பே தொடங்கிவிட்ட பிரிவை நாம் பார்ப்போம்.

1935, இங்கிலாந்து. மாளிகையில் வீட்டுவேலை செய்யும் கிரேஸின் மகன் ராபி, கேம்பிரிட்ஜில் படித்தவன். அம்மாளிகையின் மகள் சிசிலியாவும் அவனும் காதல்கொண்ட அன்றிரவே, விருந்தாளியாக வந்த சிறுமி ஒருத்தி பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். சிசிலியாவின் 13 வயதுத் தங்கை ராபியைக் குற்றவாளி என்கிறாள். தாயும் காதலியும் தவிர வீடே நம்புகிறது, காவல்துறையும் நம்புகிறது. சிறையிலிருந்து போர்முனைக்குப் போன ராபி, 1940இல் டன்கிர்க் அருகே சாகிறான். சில மாதங்களில் லண்டன் குண்டுவீச்சில் சிசிலியாவும் சாகிறாள்.

உண்மைக் குற்றவாளி பால் மார்ஷல், சாக்லேட் ஆலை முதலாளி. அவன்மேல் எவருக்கும் ஐயம் எழவில்லை. ராபியும் சிசிலியாவும்கூட ஐயப்படுவது வேலையாள் ஹார்ட்மனின் மகன் டேனியைத்தான்! பழி சுமந்தவனின் சந்தேகமும் படியிறங்கியே போகிறது.

வர்க்கமும் சாதியும் ஒன்றல்ல. ஆயினும் அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வு, மிதிபட்டவர் கண்ணையும் எப்படிக் கீழ்நோக்கியே திருப்பும் என்பதை நாம் இங்கே அடையாளம் காண்கிறோம். நம் ஊரில் ஒரு பழி எழும்போது, விரல் எந்தத் திசையில் நீள்கிறது என்பதை முதலில் கேட்போம். அது நம் விரலாக இருந்தாலும் கேட்போம்.