ஏழு யானைகளும் ஒரு தலைப்பும்

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசை அடுத்த குன்றில் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கைப்பேசியில் தேடிப் பாருங்கள். புவியீர்ப்பை மீறும் கல், விஞ்ஞானிகளே மிரண்ட மர்மம், யானைகளாலும் அசைக்க முடியாத ரகசியம் என்று ஆச்சரியக்குறிகள் வரிசைகட்டும். ஆவலோடு தட்டினால், வீடியோவில் பின்னணி இசை மட்டும்தான் மர்மமாக இருக்கும்.

யானைக் கதையையே எடுத்துக்கொள்வோம். 1908-இல் சென்னை ஆளுநர் ஆர்தர் ஹேவ்லாக், பாறை உருண்டு ஊருக்குள் விழுந்துவிடுமோ என்று பயந்து ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னாராம், பாறை அசையவில்லையாம். ஹேவ்லாக் ஆளுநராக இருந்தது 1896 முதல் 1900 வரை. 1908-இல் அந்த நாற்காலியில் இருந்தவர் ஆர்தர் லாலி. ஹேவ்லாக் காலமான ஆண்டே அதுதான்! ஆளுநர்கள் பட்டியலை ஒருமுறை புரட்டினாலே கதை ஆட்டம் காணும். புரட்டத்தான் ஆளில்லை, அதே ஆண்டும் அதே பெயரும் தளத்துக்குத் தளம் நகலாகிக்கொண்டிருக்கின்றன.

சரி, பாறை ஏன் உருளவில்லை? சுமார் 6 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 250 டன் எடையும் கொண்டதாக மதிப்பிடப்படும் இந்தக் கருங்கல்லின் எடை முழுவதும் அதன் அடிப்பரப்புக்குள்ளேயே இறங்குகிறது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான உராய்வு அதை வழுக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. விரிசல்களில் நீர் இறங்கி, மூலைகள் முதலில் உதிர்ந்து பாறைகள் இப்படி உருண்டையாவது உலகெங்கும் நடப்பதுதான். இன்னொன்று: இதன் பின்பக்கம் சிதைந்துபோனதால், அங்கிருந்து பார்த்தால் அரை உருண்டைதான் தெரியும். அந்தக் கோணத்தை வீடியோவின் முகப்புப் படத்தில் யாரும் போடுவதில்லை. போட்டால் எவர் தட்டுவார்?

ஒவ்வொரு தட்டலும் விளம்பரக் காசு என்பதால் வியாபாரம் இப்படி ஓடுகிறது. இதே கரையில் 2002 ஏப்ரலில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் பிரிட்டிஷ் ஆய்வுக் குழு ஒன்றும் கடலுக்கடியில் கட்டுமானச் சிதைவுகளைக் கண்டன. அவை 6,000 ஆண்டுகளுக்கு முன் மூழ்கியிருக்கலாம் என்ற ஊகமும் கூடவே கிளம்பியது. கடலியல் நிறுவனத்தினர் சொன்னதோ பல்லவர் காலம், அதாவது 1,200 முதல் 1,500 ஆண்டுகள். இரண்டில் எந்த எண் தலைப்புக்கு ஏறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தலைப்பு கீழே உள்ள செய்திக்குப் பொருந்த வேண்டும் என்பது இந்தியப் பிரஸ் கவுன்சிலின் நெறி. அது அச்சுப் பத்திரிகைக்கு. தலைப்பில் ஒன்றைக் காட்டி உள்ளே வேறொன்றைத் தரும் இந்திய வீடியோக்கள் மீது நடவடிக்கை எடுப்பதாக யூடியூப் 2024 டிசம்பரில் அறிவித்தது. ஆனால் அதன் முக்கியக் குறி உடனடிச் செய்திகளும் நடப்பு விவகாரங்களும்தான். வெண்ணெய் உருண்டை அதில் சிக்குவது கடினம்.

பாறை விஷயத்தில் ஏமாந்தால் நேரம்தான் போகும். புயல் விஷயம் அப்படியல்ல. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் கரையேறியது மாமல்லபுரம் அருகேதான். புயல் சின்னம் என்றதும் பழைய வெள்ளக் காட்சியும் சிவப்பு எழுத்துமாக வரும் தலைப்புகளைக் கடற்கரைக் குப்பங்களில் இருப்பவர்கள் ஒதுக்கிவிட்டு, வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையை நேரடியாகப் பார்த்துவிடுங்கள். கரையேறும் இடம், நேரம், காற்றின் வேகம் மூன்றும் அதில் இருக்கும்.