கூத்துக்குப் போகிறீர்களா? அடுப்பும் கூடவே வரட்டும்!

பொழுது சாயும் நேரத்தில் நொச்சிக்குப்பம் பக்கம் போயிருக்கிறீர்களா? ஒரு பக்கம் சாந்தோம், மயிலாப்பூர் மாடி வீடுகள். மறுபக்கம் கடல். நடுவே லூப் ரோடும், 2024-ல் திறந்த மீன் அங்காடியும். பெயரிலேயே மூலிகையை வைத்திருக்கிற ஊர் என்பதால் எனக்கு அந்தக் குப்பத்தின் மேல் எப்போதுமே தனிப் பிரியம்!

ஓர் ஆடி மாதத்தில், மூட்டுவலிக்கு என்னிடம் தைலம் வாங்குகிற ஆயா ஒருவர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அம்மன் திருவிழா. ராத்திரி மேடைக் கச்சேரி. பக்கத்துக் குப்பங்களிலிருந்து வந்த உறவுக்காரர்கள், பிள்ளை குட்டிகளோடு மணலிலேயே பாய் விரித்திருந்தார்கள். மூன்று செங்கல், ஒரு மண் சட்டி, கொஞ்சம் சவுக்கு விறகு... இருபதே நிமிடத்தில் நெத்திலிக் குழம்பு கொதித்து இறங்கிவிட்டது. பத்துப் பேர் சுடச் சுடச் சாப்பிட்டுவிட்டுக் கச்சேரிக்குக் கிளம்பினார்கள்.

நான் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, அடுப்பில் மிச்சமிருந்த தணல்மேல் மணலை அள்ளிப் போட்டேன். ஆயா ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்!

“இன்னா டாக்டரே பண்ற? மண்ணப் போட்டா நெருப்பு செத்துடும்னு நெனச்சியா? உள்ள உசுரோடதான் கீதும். ராத்திரி புள்ளைங்க ஓடி வந்து கால வெச்சிடும். தண்ணி ஊத்து!”

நாலு செம்பு தண்ணீர் ஊற்றின பிறகுதான் அந்த அம்மாள் அங்கிருந்து நகர்ந்தார். மருத்துவக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம் அது. மணல் மூடிய தணல் மணிக்கணக்கில் சூடு குறையாமல் கிடக்கும். மேலே பார்த்தால் வெறும் மணல்தான் தெரியும். குழந்தையின் பிஞ்சுப் பாதத்துக்கு அது போதாதா?

அன்று தோன்றியதுதான் இந்தக் கட்டுரை.

வெட்டவெளி விழாக்கள்

திறந்தவெளியில் ராத்தங்கி விழா பார்ப்பது நமக்குப் புதிதல்ல. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். இருளர் மக்கள் புடவைகளையே கூடாரமாகக் கட்டி, இரவு முழுக்க மணலில் தங்கி, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, விடியற்காலையில் கன்னியம்மனை வழிபடுவார்கள். திருமணங்கள்கூட அந்தக் கரையிலேயே நடக்கும். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இரவு இரவாக நடக்கும். சென்னையில் வேலை பார்க்கிறவர்கள்கூட வேன் வைத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போய் விடிய விடியப் பார்த்துவிட்டு வருகிறார்கள். மாமல்லபுரம் நாட்டிய விழாவைப் பார்க்கவும் குடும்பத்தோடு போகிறோம்.

போவது நல்லதுதான். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறோம்? ஒன்று, அங்கே கிடைக்கிற பஜ்ஜி, பரோட்டா. இல்லையென்றால், காலையிலேயே கட்டிய தயிர்சாதம். இந்த இரண்டாவது விஷயத்தில் நானே ஒரு முறை சூடு பட்டவன்.

என் கையால் கட்டிய தயிர்சாதம்!

சில வருடங்களுக்கு முன் என் மனைவியின் ஊருக்குக் கூத்துப் பார்க்கப் போனோம். செய்யாறு பக்கம். கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமமும் அந்தப் பக்கம்தான். “நீங்க எல்லாம் கிளம்புங்க, சாப்பாட்டை நான் பார்த்துக்கறேன்” என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு, காலை பத்து மணிக்கு ஒரு பெரிய டப்பா நிறையத் தயிர்சாதம் கலந்தேன். புளித்துவிடக் கூடாதே என்று பாலைத் தாராளமாக ஊற்றி, தயிரைக் கொஞ்சமாகச் சேர்த்தேன். சாதம் ஆறுவதற்குள்ளேயே அழுத்தி மூடினேன். மதிய வெயிலில் வேன் போயிற்று. இரவு எட்டரைக்குத்தான் டப்பாவைத் திறந்தோம். வாசனையும் ருசியும் மாறவே இல்லை.

பதினோரு மணிக்கு என் தம்பி மகன், “பெரியப்பா, வயித்தைப் பிரட்டுது” என்றான். அப்புறம் என் மனைவி. அப்புறம் வரிசையாக மூன்று பேர். துரியோதனன் மேடையில் கர்ஜித்துக்கொண்டிருக்க, நாங்கள் வேனுக்குப் பின்னால் ஒருவர் தலையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தோம். ஏழு வயதுப் பையன் துவண்டுவிட்டான். ராத்திரி ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்து, டிரிப்ஸ் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தான். ‘ஊருக்கெல்லாம் பத்தியம் சொல்கிறவன் வீட்டிலேயே இப்படியா?’ என்று யாரும் கேட்கவில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

தப்பு எங்கே? வெந்த சாதத்தில்கூட அழியாத ஒரு வகைக் கிருமியின் விதைகள் உண்டு. சாதம் இளஞ்சூட்டில் மணிக்கணக்காக மூடிக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. நன்றாகப் புளித்த தயிராவது கொஞ்சம் தடுக்கும். நான் பாலை அல்லவா ஊற்றி வைத்தேன்!

சமைத்த உணவு, 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குள் இருக்கிற இளஞ்சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரே மணி நேரம்தான். நம் ஊரில் பகலில் 32-க்குக் கீழே எத்தனை நாள் இருக்கிறது, சொல்லுங்கள்? முதல்நாள் சமைத்த கறி அமிர்தமாகவே இருந்தாலும் தொடக் கூடாது என்பது நம் தேரையர் பிணியணுகா விதியில் வகுத்த ஒழுக்கம்.

ஆகவே வழி ஒன்றுதான். பொருளை உலர்வாக எடுத்துப் போங்கள். போன இடத்தில் அளவாகச் சமையுங்கள். சமைத்ததும் சாப்பிடுங்கள். மிச்சத்தைக் கட்டி வைக்காதீர்கள்!

வீட்டில் ஒரு மணி நேர வேலை

முதல்நாளே இவற்றை வறுத்து, ஆறவைத்து, தனித்தனி டப்பாவில் போட்டு எழுதி ஒட்டிவிடுங்கள்.

வறுத்த நொய்யரிசி, வறுத்த பாசிப்பருப்பு, வறுத்த சம்பா கோதுமை ரவை. மிளகு-சீரகம் கொரகொரப்பாகப் பொடித்தது. சுக்குப்பொடி, மஞ்சள்தூள், கல்லுப்பு. நல்லெண்ணெய் ஒரு சின்னப் பாட்டில்.

காய்கறியை நறுக்கி எடுத்துப் போகாதீர்கள். முழுதாகக் கொண்டுபோய் அங்கே கழுவி நறுக்குங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். வெயிலில் முதலில் கெடுகிற சாமான் அதுதான்.

1. நொய்க்கஞ்சி (நாலு பேருக்கு)

வறுத்த நொய் 1 டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், உரித்த பூண்டு 10 பல், வெந்தயம் அரை டீஸ்பூன், மிளகு-சீரகப் பொடி 2 டீஸ்பூன், சுக்குப்பொடி அரை டீஸ்பூன், உப்பு. எல்லாவற்றையும் குக்கரில் போட்டு 7 டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூன்று விசில் விட்டு இறக்குங்கள். பருப்புத் துவையல் பொடியோ, சுட்ட அப்பளமோ போதும். ராத்திரி கண் விழிக்கிறவர்களுக்கு இதைவிட லேசான ஆகாரம் கிடையாது. வாயுத் தொல்லைக்காரர்களுக்குப் பூண்டும் சுக்கும் கைகொடுக்கும்.

2. சம்பா ரவைக் கிச்சடி

எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, பச்சைமிளகாய், வெங்காயம் தாளித்து, கேரட், பீன்ஸ் சேர்த்து வதக்குங்கள். 5 டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் உப்பு, மஞ்சள்தூள் போட்டு, 2 டம்ளர் வறுத்த ரவையைத் தூவிக் கிளறி மூடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ரெடி! இறக்கினபின் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். சர்க்கரை நோயாளிகள் அளவோடு சாப்பிட்டு, காயைக் கூடுதலாகப் போட்டுக்கொள்வது நல்லது.

3. கை மிளகு ரசம்

பனி இறங்குகிற மார்கழி, தை ராத்திரிகளுக்கு ஏற்றது. நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, ஒரு தக்காளியை நசுக்கிப் போட்டு, மஞ்சள்தூள், உப்பு சேர்த்துக் கொதிக்க விடுங்கள். மிளகு-சீரகப் பொடி 2 டீஸ்பூன், நசுக்கிய பூண்டு 5 பல் போட்டு, நுரை கட்டியதும் இறக்கி, கடுகு, கறிவேப்பிலை தாளியுங்கள். சாதத்துக்கும் ஆகும். டம்ளரில் ஊற்றி அப்படியே குடிக்கவும் ஆகும்.

4. ஆயாவின் நெத்திலிக் குழம்பு

(சைவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்!)

அரை கிலோ நெத்திலிக்குச் சின்ன வெங்காயம் 10, தக்காளி 2, பூண்டு 8 பல், எலுமிச்சை அளவு புளி, குழம்பு மிளகாய்த்தூள் இரண்டரை டீஸ்பூன். வெங்காயம், பூண்டு, தக்காளியை நல்லெண்ணெயில் வதக்கி, தூளும் புளிக்கரைசலும் உப்பும் சேர்த்து, பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். மீனைக் கடைசியில் போடுங்கள். ஏழெட்டு நிமிடம் போதும். கரண்டி போடக் கூடாது. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும் என்பது ஆயாவின் கட்டளை.

மீன் வாங்கும்போது செவுள் சிவப்பாக, கண் தெளிவாக இருக்கட்டும். வாங்கியதும் ஐஸில் வையுங்கள். முக்கியமாக, சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஒரு நஞ்சு உண்டாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும்.

5. அடுப்பே இல்லாதபோது

ரயிலில் காஸ் சிலிண்டரும் ஸ்டவ்வும் கொண்டுபோக அனுமதி இல்லை. பல கடற்கரைகளில், மைதானங்களில் அடுப்பு மூட்டவும் கூடாது. முன்கூட்டியே விசாரியுங்கள். அப்போது கைகொடுப்பது அவல். கழுவி, சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டோ, எலுமிச்சை, உப்பு, வேர்க்கடலை கலந்தோ அப்போதே சாப்பிடலாம். கூடவே உரிக்காத வாழைப்பழம்.

உணவுக்கு முந்தியது தண்ணீர்

2024 அக்டோபர் 6-ம் தேதி, மெரினாவில் விமான சாகசக் காட்சி நடந்தது ஞாபகம் இருக்கிறதா? காலை 11 மணி வெயிலில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். குடிநீருக்குத் திண்டாட்டம். வெளியேற வழியில்லாத நெரிசல். அன்று ஐந்து பேர் இறந்துபோனார்கள். பலர் மயங்கி விழுந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

மாலை விழா என்றாலும் மதியமே கிளம்புகிறோம் அல்லவா? ஆளுக்கு இரண்டு லிட்டராவது காய்ச்சி ஆறிய தண்ணீர் கையில் இருக்கட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இடையிடையே குடியுங்கள். குடை, தொப்பி அவசியம்.

வாந்தி, பேதி வந்துவிட்டால்: 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அளவு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். குழந்தை துவண்டாலோ, சிறுநீர் கழிக்காவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ சுக்கு, ஓமம் என்று கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன்!

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை

“கூத்து ஆரம்பிக்கட்டும், அப்புறம் சாப்பிடலாம்” என்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பிறகு சாப்பிடுங்கள். சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

அடுப்பு விஷயத்தில்

* கூடாரத்துக்குள், மூடிய வேனுக்குள் ஒருபோதும் அடுப்பு வேண்டாம். தீயும் ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத விஷவாயுவும் ஆபத்து.

* மணலில் ஸ்டவ் சாயும். ஒரு பலகை போட்டு, சமமாக வைத்துப் பற்ற வையுங்கள். காற்று வருகிற பக்கம் மறைப்பு வேண்டும். ஆனால் சிலிண்டரைச் சுற்றி மூடிவிடாதீர்கள்.

* சமைப்பவர் புடவைத் தலைப்பை, துப்பட்டாவைச் செருகிக்கொள்ளட்டும். நைலான் துணி கூடாது.

* பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். குழந்தைகள் பத்தடி தூரத்தில்.

* கொசுவுக்கு வேலிப் பக்கம் நொச்சி கிடைத்தால் ஒரு கொத்து ஒடித்து வையுங்கள். அதை மட்டுமே நம்பாமல் கொசுவலையும் எடுத்துப் போங்கள்.

போன ஆடிக்கு மறுபடியும் நொச்சிக்குப்பம் போனேன். அன்று வேனுக்குப் பின்னால் துவண்டு கிடந்த தம்பி மகன் இப்போது வளர்ந்த பையன். அவனும் கூட வந்தான். சாப்பிட்டு முடித்ததும் செம்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினான். ‘சொர்’ரென்று ஆவி எழுந்தது. ஆயா அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, “டாக்டரே, இந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்குது” என்றார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும். சுடச் சுடச் சமைத்துச் சாப்பிடுங்கள், தணலில் தண்ணீர் ஊற்றுங்கள், விடிய விடியக் கூத்துப் பாருங்கள். சுகமாக வீடு வந்து சேருங்கள்!