உங்களுக்குத் தெரியுமா? காட்டில் வைக்கும் இரை

அண்ணாமலைச் சாரலில் கரடி

பௌர்ணமி இரவுகளில் லட்சக்கணக்கானோர் கிரிவலம் வரும் அண்ணாமலைச் சாரலில், ஒரு காலத்தில் இரவானால் பன்றிக் கூட்டமும் மானும் கரடியும் இறங்கின; யானைக் கூட்டமும் வந்து சேர்ந்தது. சொல்பவர் திருஞானசம்பந்தர். ஏழாம் நூற்றாண்டில் அவர் பாடிய முதல் திருமுறை 69ஆம் பதிகத்தில் இந்தக் காட்சி இருக்கிறது. பதிகம் ஓதும் அன்பர்கள் அடுத்த முறை அந்த இடத்தில் சற்று நிதானித்து ஓதிப் பாருங்கள். இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் கரடி வாழும் இடம் வடமேற்கே ஜவ்வாது மலைக் காடுதான்.

புனுகுப் பூனையும் பாண்டியனும்

கிரிவலத்தின் பெருமையைச் சொல்லும் கதைகளில் ஒன்று வேட்டையில்தான் தொடங்குகிறது. வச்சிராங்கத பாண்டியன் குதிரையேறி ஒரு புனுகுப் பூனையைத் துரத்தினான். அது தப்பியோடி மலையைச் சுற்றியது. சுற்றி முடித்ததும் பூனையும் குதிரையும் கீழே விழுந்து உயிர்விட்டு, சாபம் நீங்கி, வித்தியாதரர்களாக எழுந்தன. துரத்தியவன் மண்ணில் கிடந்தான். அதன் பிறகுதான் அவன் கால்நடையாக மலையை வலம் வந்தான் என்கிறது அருணாசல புராணம். வேட்டைக்குப் போனவனைவிட வேட்டையாடப்பட்ட உயிருக்கே முதலில் விடுதலை தந்த தலம் இது.

செங்கத்துப் பாதையில் கல்பொறி

திருவண்ணாமலைக்கு மேற்கே சுமார் 35 கி.மீ. தொலைவில் இருக்கும் செங்கம், பத்துப்பாட்டில் செங்கண்மா என்ற பெயரில் வருகிறது. 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம் முழுவதும் அவ்வூர்த் தலைவன் நன்னனைத் தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. எந்த மேட்டில் ஏறலாம், எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே வரும் புலவர் பெருங்கௌசிகனார், ஓரிடத்தில் எச்சரிக்கிறார்: விளைந்த புனத்தைப் பன்றி அழிக்கிறது என்று அஞ்சி, அது நுழையும் ஒவ்வொரு வழியிலும் பெரிய கல்பொறி மாட்டி வைத்திருக்கிறார்கள், ஆகவே இரவில் நடக்காதீர்கள், தங்கியிருந்து விடிந்ததும் போங்கள்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செங்கத்து உழவனுக்கு இருந்த அதே பன்றித் தொல்லை இன்றைய செங்கத்து உழவனுக்கும் இருக்கிறது. பன்றிக்கு வைத்த பொறி பன்றிக்கு மட்டும் விழாது, வழிப்போக்கன் தலையிலும் விழும் என்பது அன்றைய புலவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த எச்சரிக்கை.

பன்றிக்கு வைத்தது, புலிக்கு விழுந்தது

தினை தின்ன வரும் பன்றிக்கென்று புனவன் ‘அடார்’ என்னும் கல்பொறியை வைக்கிறான். அதில் வந்து மாட்டியதோ புலி. இது நற்றிணை 119ஆம் பாட்டில் வரும் காட்சி.

நன்னன் வாயிலில் கரடிக் குட்டி

நன்னனின் அரண்மனை வாயிலில் காணிக்கையாக வந்து குவிந்த மலைப்பொருள்களின் பட்டியல் மலைபடுகடாத்தில் நீளமாக வருகிறது. அதில் வளைந்த பாதமுடைய கரடிக் குட்டியும் ஒன்று. தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்கும் அந்த வழக்கம் நம் காலம் வரை நீண்டது. வட இந்தியத் தெருக்களில் மூக்கில் கயிறு கோத்து கரடிகளை ஆடவைத்த கலந்தர் சமூகத்தினருக்கு மாற்றுத் தொழில் ஏற்பாடு செய்யப்பட்டு, கடைசி ஆட்டக் கரடி மீட்கப்பட்டது 2009 டிசம்பரில்தான்.

முன்பல் இரண்டு இல்லாத வாய்

நம் காட்டுக் கரடிக்கு மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டு கிடையாது. பல் விழுந்ததல்ல, பிறவி அமைப்பே அப்படி. கரையான் புற்றை நீண்ட நகங்களால் பெயர்த்து, வாயை வைத்து மண்ணை முதலில் ஊதித் தள்ளும். பிறகு மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, உதட்டைக் குழாயாக நீட்டி, அந்தப் பல் இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். காட்டில் விறகு பொறுக்கப் போகிறவர்கள் சத்தத்தை வைத்தே விலகிப் போய்விடுவார்கள். உறிஞ்சிக்கொண்டிருக்கும் கரடிக்கு மட்டும் ஆள் வருவது கேட்காது. கிட்டே போய்த் திடீரென எதிர்ப்பட்டால் அது பயந்து பாயும். இரவில் புற்றைத் தோண்டும் கரடியின் நகம் பட்டு, உள்ளிருக்கும் பாம்பு வலியிழக்கிறது என்று அகநானூறு 8ஆம் பாட்டு சொல்கிறது. எழுதியவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

இலுப்பை உதிரும் காலம்

பங்குனியில் இலுப்பைப் பூ உதிரத் தொடங்கும். இரவில் உதிர்ந்த பூ விடியற்காலையில் மரத்தடி முழுக்க வெளிர் மஞ்சளாகக் கிடக்கும். பிசுபிசுப்பும் இனிப்புமாக இருக்கும். மலைவாழ் மக்கள் பொறுக்க வருவதற்கு முன்பே கரடி வந்துவிடும். கொன்றைக்காய், நாவல், இலந்தை, அத்தி என்று அதன் சாப்பாட்டில் பெரும் பங்கு நமக்கும் தெரிந்த பழங்கள்தான். இதைத் தெரிந்துகொண்ட வெள்ளைக்காரக் காலத்து வேட்டைக்காரர்கள் இலுப்பை மரத்தருகே பரண் கட்டிக் காத்திருந்தார்கள். புலிக்கு எருமைக் கன்றும் சிறுத்தைக்கு ஆடும் கட்டிவைத்தார்கள். கரடிக்கு எதையும் கட்டத் தேவையில்லை; மரமே இரை போட்டது.

இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். நம் கரடி பெரும்பாலும் மார்கழிக் குளிரையொட்டிக் குட்டி போடும். ஒன்றோ இரண்டோ குட்டிகள் தாயின் முதுகு மயிரைப் பிடித்துக்கொண்டு சுமார் ஒன்பது மாதம் வரை சவாரி செய்யும். ஆகவே இலுப்பை மரத்தடிக்கு வரும் பெண் கரடியின் முதுகில் குட்டி இருக்கலாம்.

பீப்பாயில் பழைய ரொட்டி

அமெரிக்காவின் சில மாநிலங்களிலும் கனடாவின் பல மாகாணங்களிலும் கருங்கரடியை இரை வைத்துச் சுடுவது இன்றும் சட்டப்படி நடக்கும் வேட்டை. பனி உருகும் வசந்த காலத்தில், ஐந்தாறு மாதம் குகைக்குள் பட்டினியாக உறங்கி எழுந்த கரடி பசியோடு அலையும். அந்த நேரம் பார்த்து, ஊரைவிட்டு வெகுதூரக் காட்டுக்குள், 200 லிட்டர் இரும்புப் பீப்பாய் ஒன்றில் துளை போட்டு மரத்தில் சங்கிலியால் கட்டுவார்கள். உள்ளே பழைய ரொட்டி, டோனட், மிட்டாய், வெல்லப்பாகு. சுற்றிலும் பொரித்து மீந்த எண்ணெயை ஊற்றுவார்கள். கரடி அதை மிதித்துப் போகும் வழியெல்லாம் வாசனை பரவி மற்றக் கரடிகளையும் இழுத்து வரும். சிலர் தேனைக் காய்ச்சிப் புகைய விடுவதும் உண்டு.

சில நாள்கள் கேமராவில் மட்டும் பார்ப்பார்கள். எந்தக் கரடி எத்தனை மணிக்கு வருகிறது என்பது தெரிந்த பிறகு, இருபது முப்பது மீட்டர் தள்ளி மரப்பரணில் வில்லோடும் துப்பாக்கியோடும் உட்காருவார்கள். பீப்பாயின் உயரத்தோடு ஒப்பிட்டுக் கரடியின் பருமனை மதிப்பிடுவார்கள்.

அவர்கள் தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுவது நியாயம். அடர்ந்த காட்டில் வேறெப்படியும் கரடியைக் காண முடியாது. இரையருகே நின்று தின்னும்போது ஆணா பெண்ணா, குட்டி உடன் இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்துச் சுடலாம் என்கிறார்கள். குட்டியுள்ள தாயைச் சுடுவது அங்கே பெரும்பாலான இடங்களில் குற்றம். ஆனால் கருங்கரடியும் ஜனவரி, பிப்ரவரியில்தான் குட்டி ஈனுகிறது. தாய் தன் குட்டிகளை எட்ட ஒரு மரத்தில் ஏற்றிவிட்டு இரைக்குத் தனியாக வரும். பரணில் இருப்பவர் கண்ணுக்கு அது குட்டியில்லாத கரடி. அந்த வாதத்தை நான் ஏற்காததற்கு இந்த ஒரு காரணமே போதும்.

வாக்குப்பெட்டிக்குப் போன கரடி

இரை வைத்து வேட்டையாடலாமா என்று அமெரிக்காவில் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறார்கள். கொலராடோ 1992இல் வேண்டாம் என்றது. வசந்தகாலக் கரடி வேட்டையையே அதோடு நிறுத்தியது. 1994இல் ஓரிகனும் 1996இல் வாஷிங்டன் மாநிலமும் இரை வைப்பதைத் தடை செய்தன. மெய்ன் மாநிலத்தில் 2004இலும் 2014இலும் கேட்டார்கள். இருமுறையும் இரை தொடரட்டும் என்றே தீர்ப்பு வந்தது. கனடாவின் ஒன்டாரியோ 1999இல் வசந்த வேட்டையை நிறுத்திவிட்டு, 2014இல் மறுபடி தொடங்கியது.

துப்பாக்கி வெடிக்காமலே நான்கு சாவு

2014 செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஓர் இரைத்தளத்தருகே நான்கு கருங்கரடிகள் செத்துக் கிடந்தன. இரண்டு பெண் கரடி, இரண்டு குட்டி. உடலில் காயமே இல்லை. சோதித்ததில் தெரிந்தது, இரையாகப் போட்ட சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின் என்னும் பொருள் விஷமாகிவிட்டது. அதன் பின் அந்த மாநிலம் கரடி இரையில் சாக்லேட்டையே தடை செய்தது.

சுட வேண்டாம், இரை வைத்தாலே வேட்டைதான்

இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கம் பலருக்கும் தெரியாது. கொல்வது மட்டும் வேட்டையல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, துரத்தி விரட்டுவது, இரை வைத்து வரவழைப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டை. விலங்கு வராமலே போனாலும் குற்றம் குற்றமே. நம் கரடி அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி, யானையோடு இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறை. உயிருக்கு ஆபத்தாகிவிட்ட கரடியைக்கூட, பிடிக்கவோ மயக்கவோ வேறிடம் கொண்டுவிடவோ முடியாது என்று உறுதியான பிறகே, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து உத்தரவின் பேரில் கொல்ல முடியும். தன்னையோ பிறரையோ காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு செய்வது மட்டும் குற்றமாகாது.

உலகில் கருங்கரடிகள் ஆறு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. நம் கரடியோ இந்தியா, இலங்கை, நேபாளம் எல்லாம் சேர்த்து 20,000க்கும் குறைவு என்றே மதிப்பிடப்படுகிறது.

அவுட்டுக்காய்

இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இதுதான். நம் கிராமத்துக் காட்டோரங்களில் இன்றும் வைக்கப்படும் இரைக்கு இதுதான் பெயர். வெடிமருந்தோடு சல்லிக்கல்லும் கண்ணாடித் துண்டும் சேர்த்து நூலால் இறுக்கிச் சுற்றிய உருண்டை. மேலே மாவோ, கொழுப்போ, கோழிக்குடலோ, பழமோ பூசி, பன்றி வரும் தடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். கடித்த கணத்தில் வெடிக்கும். விலங்கு அங்கேயே சாவது அரிது. தாடை சிதறி, நாக்கு கிழிந்து, தண்ணீர் குடிக்கவும் முடியாமல் பல நாள் அலைந்து பட்டினியால் சாகும்.

போட்டவர் பன்றிக்கென்றே போட்டிருக்கலாம். வெடிக்கு அது தெரியாது. பழ வாசனைக்கு வரும் கரடியும், மேய்ந்து திரும்பும் பசுவும், மோப்பம் பிடிக்கும் நாயும் அதைக் கடிக்கலாம். 2020 மே மாதம் கேரளத்தில், வெடி பொதிந்த இரையைக் கடித்த கர்ப்பிணி யானை ஒன்று வலி தாங்காமல் வெள்ளியாற்றுத் தண்ணீரில் வாயை அமிழ்த்தியபடி நின்றே இறந்ததை நாடே பார்த்தது.

பன்றியால் நிலக்கடலையும் மரவள்ளியும் இழக்கும் உழவரின் வேதனை உண்மையானது. ஓர் இரவில் ஆறு மாத உழைப்பு போய்விடும். அதை உணர்ந்தே தமிழக அரசு 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று அனுமதித்தது. யார் சுடுவது, எங்கே, எதை என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அவுட்டுக்காய்க்கு எந்த வரையறையும் கிடையாது.

கொல்லாத இரை

கர்நாடகத்தில் ஹம்பிக்கு அருகே தரோஜி கரடிச் சரணாலயம் இருக்கிறது, 1994இல் அறிவிக்கப்பட்டது. அங்கே வனப் பணியாளர்கள் பிற்பகலில் பாறைகளின் மேல் வெல்லப்பாகைத் தடவிவிட்டு வருவார்கள். சாயங்காலம் கரடிகள் குகையிலிருந்து இறங்கிப் பாறையை நக்கும்; பார்வையாளர்கள் எதிரே கோபுரத்தில் நின்று பார்ப்பார்கள். உயிருக்கு ஆபத்தில்லைதான். ஆனாலும் மனிதன் வைத்ததைத் தின்னப் பழகிய கரடி மனிதனைத் தேடி வரத் தொடங்கும் என்ற கவலை எனக்கு உண்டு. கோத்தகிரிப் பக்கம் கோயில் விளக்கின் எண்ணெயைக் குடிக்கக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரும் கரடிகளைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறதே, அங்கே யாரும் இரை வைக்கவில்லை. இருந்தும் மனிதன் வைத்ததைத் தேடி வரும் பழக்கம் வந்துவிட்டது.

அக்டோபர் 12

2022 முதல் அக்டோபர் 12ஆம் தேதி உலகக் கரடி நாளாக, நம் ஊர்க் கரடி இனத்துக்கென்றே கொண்டாடப்படுகிறது. செங்கம், போளூர், ஜமுனாமரத்தூர்ப் பள்ளி ஆசிரியர்கள் அன்று ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சாப்பிட்ட மிச்சத்தைக் காட்டோரம் கொட்டாதீர்கள். விடியலிலும் அந்தியிலும் ஒற்றையடிப் பாதையில் பேசிக்கொண்டே நடங்கள், கரடிக்கு நீங்கள் வருவது தெரியட்டும். தடத்தில் நூல் சுற்றிய உருண்டையோ, புதரில் சுருக்குக் கம்பியோ கண்ணில் பட்டால் கையால் தொடாதீர்கள், காலால் தள்ளாதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு உடனே அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.