படம் பிடிக்க வருவோர்க்குப் பணம் தரும் அரசுகள்

அமெரிக்கத் திரைப்படமொன்று முடிவுற்றதும், அதில் உழைத்தவர்களின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் திரையில் ஓடி மறைவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். பெரும்பாலானோர் அதற்குள் இருக்கையை விட்டெழுந்து வாயிலை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவர். இறுதிவரை பொறுத்திருந்து பார்ப்பவர்களுக்குச் சில படங்களில் அப்பெயர்களின் அடியிலே ஒரு பீச் பழத்தின் சித்திரம் தோன்றி மறைவது தெரியும். ஜோர்ஜியா மாநிலத்தின் அடையாளம் அது. அச்சித்திரத்தைச் சேர்த்துத் தன்னை விளம்பரப்படுத்தும் கம்பனிக்கு, படத்துக்காகத் தன் எல்லைக்குள் செலவிட்ட தொகையில் நூற்றுக்குப் பத்தை அம்மாநில அரசு சலுகையாக அளிக்கின்றது. பத்துக்கோடி டொலர் செலவிட்ட கம்பனிக்கு ஒரு பழத்தின் படத்தினால் ஒரு கோடி டொலர் கிடைக்கின்றது என்றால் விந்தையன்றோ!

விந்தையாயினும் காரணமின்றி நடப்பதன்று. படத்தொழில் என்றால் ஹொலிவூட், ஹொலிவூட் என்றால் கலிபோர்னியா என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 1990களில் கனடா அரசும் அதன் மாகாணங்களும் படத்தயாரிப்பாளருக்கு வரிச்சலுகை அளிக்கத் தொடங்கவே, நியூயோர்க் நகரத்துக் கதைகள்கூட ரொறன்ரோ வீதிகளில் படமாக்கப்பட்டன. இதனைக் கண்ட அமெரிக்க மாநிலங்கள் வாளாவிருக்கவில்லை. 2002ஆம் ஆண்டில் லூசியானா பெருஞ்சலுகைச் சட்டமொன்றை இயற்றியது. நியூ மெக்சிக்கோவும் அவ்வாண்டிலேயே அவ்வழியிற் சென்றது. பத்தாண்டுகள் நிறைவதற்குள் நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஏதேனும் ஒரு சலுகையைக் கையிலேந்திப் படக்கம்பனிகளை வருந்தி அழைக்கலாயின.

கதைகளே இடம்பெயர்ந்தன. 'பெஞ்சமின் பட்டன்' கதையை ஸ்கொட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1922இல் எழுதியபோது அது பால்ற்றிமோர் நகரில் நிகழ்வதாகவே எழுதினார். 2008இல் அது திரைப்படமாக வந்தபோது கதாநாயகன் நியூ ஓர்லியன்ஸ் நகரிற் பிறந்து வளர்பவனாகிவிட்டான். படம் பிடிக்கப்பட்டதும் லூசியானாவிலேதான். சலுகைச் சட்டம் அம்மாற்றத்துக்கு ஒரு முக்கிய காரணமென்பதை எவரும் மறைக்கவில்லை. ஒரு நகரத்தில் அரும்பிய கதையை இன்னொரு நகரத்துக்கு வரிச்சட்டம் ஒன்று கொண்டு செல்லக்கூடுமென்பது இலக்கியம் பயிலும் மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

இனி, இச்சலுகையைப் பெறத் தகுதியுடைய படம் எது என்று பார்ப்போம். கதைப்படங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், விளம்பரப் படங்கள் ஆகியவை பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. செய்தி ஒளிபரப்பு, விளையாட்டுப் போட்டிகளின் ஒளிபரப்பு, ஆபாசப் படங்கள் ஆகியவற்றைப் பெரும்பாலான மாநிலங்கள் விலக்கி வைக்கின்றன. குறைந்தது இவ்வளவு செலவிட வேண்டும் என்ற வரம்பும் உண்டு. ஜோர்ஜியாவில் அது ஐந்து இலட்சம் டொலர். இவற்றில் அதிகச் சிக்கல் இல்லை. 'மாநிலத்தில் செலவிட்ட பணம்' என்னும் மூன்று சொற்களிலேதான் சிக்கலெல்லாம் அடங்கியிருக்கின்றது.

தச்சர் மேடை அமைக்கிறார். உள்ளூர்க் கடையிற் பலகை வாங்கப்படுகின்றது. நடிகர்கள் விடுதியிலே தங்குகின்றனர். இவை மாநிலத்தில் செலவிட்ட பணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கலிபோர்னியாவிலிருந்து விமானத்தில் வந்து, ஆறு வாரம் நடித்துவிட்டு, ஒரு கோடி டொலர் ஊதியத்துடன் திரும்பிச் செல்லும் நட்சத்திர நடிகரின் சம்பளம் எத்தகையது? அந்தப் பணம் மாநிலத்தில் செலவானதா, மாநிலத்தின் வழியாகப் பறந்து சென்றதா? கலிபோர்னியாவின் சட்டம் நடிகர், இயக்குநர் முதலியோரின் பெருஞ்சம்பளங்களைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. ஜோர்ஜியாவின் சட்டம் சேர்க்கின்றது. கம்பனியின் சம்பளப் பட்டியலில் உள்ள ஒருவருக்கு ஐந்து இலட்சம் டொலர் வரையே கணக்கில் எடுக்கப்படும் என்று ஒரு வரம்பை அது விதித்திருப்பது உண்மையே. ஆயினும் நடிகர் தம் பெயரில் ஒரு கம்பனியை அமைத்து, சம்பளத்தை அக்கம்பனிக்குக் கொடுக்கச் செய்வாராயின், அதற்குரிய வரியைப் பிடித்துக்கொண்டு முழுத்தொகையும் கணக்கிற் சேர்க்கப்படலாம். புகழ்பெற்ற நடிகர்களிற் பலர் இவ்வாறு தமக்கெனக் கம்பனி வைத்திருப்பவர்களே. வேலியையும் கட்டி, அதிலே கடவையையும் விட்டுவைத்தாற் போன்றது இவ்வேற்பாடு.

அடுத்தபடியாக வாசகர்கள் ஒரு கேள்வி கேட்கக்கூடும். கலிபோர்னியாவிலிருந்து வந்த கம்பனி ஜோர்ஜியாவில் வரியே செலுத்துவதில்லையெனின், வரிக்கழிவினால் அதற்கு என்ன பயன்? அதற்கும் வழி செய்யப்பட்டிருக்கிறது. அக்கழிவைக் கம்பனி விற்கலாம்! பத்து இலட்சம் டொலர் பெறுமதியுள்ள வரிக்கழிவை ஜோர்ஜியாவில் வரி செலுத்தும் ஒரு செல்வரோ நிறுவனமோ சற்றுக் குறைந்த விலைக்கு வாங்கி, தம் வரிக்கணக்கிலே கழித்துக்கொள்ளலாம். படக்கம்பனிக்கு ரொக்கப்பணம் கிடைக்கின்றது. வாங்கியவருக்கு இலாபம் கிடைக்கின்றது. அரசின் திறைசேரிக்கோ பத்து இலட்சமும் குறைகின்றது. திரைப்படத்துக்கும் அந்தச் செல்வருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அப்படத்தை அவர் பார்த்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

2005இல் தொடங்கி 2008இல் விரிவாக்கப்பட்ட அச்சட்டத்தின்படி அடிப்படைக் கழிவு நூற்றுக்கு இருபது. பழச்சித்திரத்துக்குரிய பத்தையும் சேர்த்தால் முப்பது. ஆண்டுக்கு இவ்வளவுதான் கொடுப்போம் என்ற உச்சவரம்பு விதிக்கப்படவில்லை. 2020ஆம் ஆண்டிலே அம்மாநிலத்தின் கணக்காய்வுத் திணைக்களம் இவ்விஷயத்தைத் துருவி ஆராய்ந்து, தகுதியற்ற செலவுகளுக்கும் கழிவு வழங்கப்பட்டிருப்பதையும், மேற்பார்வை போதாமையையும் எடுத்துக்காட்டியது. அதன் பின்னரே, ஒவ்வொரு படத்தின் கணக்கும் பரிசோதிக்கப்பட்ட பிறகுதான் கழிவு வழங்கப்பட வேண்டும் என்ற சட்டம் வந்து, படிப்படியாக நடைமுறையாயிற்று.

விதியை எழுதிவிட்டு அதைக் காப்பவர் இல்லாவிட்டால் நேருவது யாது என்பதற்கு அயோவா மாநிலம் சான்று. சோளவயல்கள் நிறைந்த அம்மாநிலம் 2007இல் ஒரு சட்டம் இயற்றி, படச்செலவில் ஏறத்தாழப் பாதியைக் கழிவாகத் தர முன்வந்தது. இரண்டாண்டுகளில் வெளிவந்த செய்தி ஊராரைத் திகைக்க வைத்தது. மேர்சிடிஸ் முதலிய உயர்ரக மோட்டார் வண்டிகள் தயாரிப்பாளர்களின் சொந்த உபயோகத்துக்காக வாங்கப்பட்டு, படச்செலவாக எழுதப்பட்டிருந்தன. 2009 செப்டெம்பரில் ஆளுநர் செற் கல்வர் திட்டத்தை நிறுத்திவைத்தார். திரைப்பட அலுவலகத்தின் தலைவர் பதவி நீக்கப்பட்டு, பின்னர் நீதிமன்றத்திலும் நிறுத்தப்பட்டார். மறு ஆண்டில் வெளிவந்த மாநிலக் கணக்காய்வாளரின் அறிக்கை, வழங்கப்பட்ட 3 கோடி 20 இலட்சம் டொலர்க் கழிவில் ஏறத்தாழ 2 கோடி 60 இலட்சம் முறைகேடாக வழங்கப்பட்டதெனக் கூறியது. களவைக் காட்டிலும் கவனமின்மையே இதிற் பெரிது என்பது என் எண்ணம். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, அதை ஒருமுறை ஊன்றிப் படிக்கும் ஓர் எழுதுவினைஞர் அங்கிருந்திருந்தால் இவற்றிற் பெரும்பகுதி நிகழ்ந்திராது.

மிச்சிகனின் கதை வேறுவிதமானது. அங்கே களவு இல்லை; ஆசை இருந்தது. மோட்டார்த் தொழில் நலிந்து ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்திருந்த காலத்தில், 2008இல், ஆளுநர் ஜெனிஃபர் கிரான்ஹோம் நூற்றுக்கு 42 வரை சலுகை தரும் சட்டத்திற் கையொப்பமிட்டார். நாட்டிலேயே மிகத் தாராளமான சலுகைகளுள் ஒன்று அது. பொன்ரியாக் நகரில், ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி கைவிட்ட கட்டிடமொன்றைப் படப்பிடிப்பு நிலையமாக்கினர். அதற்காக வெளியிடப்பட்ட 1 கோடி 80 இலட்சம் டொலர்க் கடன்பத்திரங்களுக்கு மாநில ஊழியரின் ஓய்வூதிய நிதி பிணை நின்றது. மந்திர நாடாகிய ஓஸைப் பற்றிய பெரும்படமொன்று அந்நிலையத்திலேயே பிடிக்கப்பட்டது. ஆனால் 2011இல் பதவியேற்ற ஆளுநர் ரிக் ஸ்னைடர் சலுகைக்கு ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டொலர் என்று வரம்பு கட்டினார். படங்கள் வேறிடம் நாடிச் சென்றன. 2012இல் நிலையம் கடனைச் செலுத்தத் தவறியது. ஓய்வூதிய நிதியே அதைச் செலுத்த நேர்ந்தது. வாழ்நாள் முழுவதும் அலுவலகத்தில் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களின் பணம், அவர்கள் கனவிலும் கருதாத தொழிலொன்றின் கடனுக்குப் போயிற்று. 2015இல் சலுகைத் திட்டத்தையே மாநிலம் கைவிட்டது.

டெக்சாஸ் வகுத்த விதி இன்னொரு வகையைச் சேர்ந்தது. தன் மாநிலத்தை இழிவாகச் சித்திரிக்கும் படத்துக்கு உதவிப்பணத்தை மறுக்கலாம் என்று அது விதித்திருக்கின்றது. 2010இல் வெளிவந்த 'மச்செட்டே' என்னும் படத்துக்கு அவ்விதியின்படி உதவி மறுக்கப்பட்டது. பேச்சுச் சுதந்திரத்துக்கு இது விரோதமென்று தயாரிப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் அவர்கள் வெல்லவில்லை. படத்தை எவரும் தடைசெய்யவில்லை, பொதுப்பணத்தை மட்டுமே மறுத்தனர் என்ற வாதம் பொருத்தமானதுதான். ஆயினும் கதையை எழுதும்போதே தயாரிப்பாளர் திறைசேரியின் முகத்தைப் பார்த்து எழுதத் தொடங்குவாராயின், அக்கதை எவ்வளவு தூரம் உண்மையைச் சொல்லும் என்ற ஐயம் எழாமலிருப்பதில்லை.

சலுகையை ஆதரிப்போரின் வாதத்தையும் நாம் புறக்கணித்தல் தகாது. ஜோர்ஜியாவில் இன்று திறமைமிக்க ஒளியமைப்பாளர்களும், தையற்காரர்களும், தச்சர்களும், மின்வினைஞர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். முன்பு இத்தொழிலைத் தேடிக் கலிபோர்னியாவுக்குச் சென்றிருக்க வேண்டிய இளைஞர்கள் சொந்த ஊரிலேயே குடும்பத்தோடு வாழ்கின்றனர். 'வோக்கிங் டெட்' என்னும் தொலைக்காட்சித் தொடர் 2010 முதல் பல்லாண்டுகள் படமாக்கப்பட்டதால், செனோயா என்ற சிற்றூருக்கு உல்லாசப் பயணிகள் திரண்டு வந்தனர். இவை கண்கூடான நன்மைகள். ஆயினும் பல மாநிலங்களில் நடைபெற்ற மதிப்பீடுகள், சலுகையாகக் கொடுத்த ஒவ்வொரு டொலரிலும் ஒரு சிறு பகுதியே வரியாகத் திரும்பி வந்ததெனக் காட்டுகின்றன. மிச்சத்தைப் பள்ளிக்கூடத்துக்கும் பாதைக்கும் உரிய பணத்திலிருந்தே ஈடுசெய்ய வேண்டும். இந்நிலையில், ஊழியரின் கூலியைக் கணக்கிற் கொண்டு நட்சத்திரத்தின் சம்பளத்தை விலக்கும் கலிபோர்னியாவின் விதியே எனக்கு நியாயமானதாகத் தோன்றுகின்றது. தச்சரின் கூலி ஊரிலே தங்கும். நட்சத்திரத்தின் சம்பளம் தங்காது.

அக்கலிபோர்னியாவும் இப்போட்டியிலிருந்து தப்பவில்லை. படங்கள் வெளியே போவதைக் கண்டு, 2025ஆம் ஆண்டில் தன் சலுகைத் தொகையை ஆண்டுக்கு 33 கோடி டொலரிலிருந்து 75 கோடி டொலராக உயர்த்திற்று. அவ்வாண்டிலேயே, ஜோர்ஜியாவிற் பல ஆண்டுகள் படம்பிடித்து வந்த மார்வல் கம்பனி, தன் அடுத்த பெரும்படத்தின் படப்பிடிப்பை இங்கிலாந்திலே நடத்தியது. இங்கிலாந்து அரசும் படத்தயாரிப்பாளருக்கு வரிச்சலுகை அளிக்கின்றது.