வானத்தில் விமானங்கள்! வண்டியில் நாய்கள்!

வீட்டைப் பூட்டிவிட்டு ஊர் சுற்றப் போகிறவர்கள் உண்டு. வீட்டையே ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களும் உண்டு!

அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். பஸ் போன்ற பெரிய வண்டி. அதற்குள்ளேயே கட்டில், அடுப்பு, குளியல் அறை எல்லாம் இருக்கும். அதை "ஆர்.வி." என்று அழைக்கிறார்கள். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர், இந்த வண்டியில் ஏறி மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றுகிறார்கள். வீட்டு நாய்களும் கூடவே போகின்றன.

ஜூலை மாதக் கடைசியில் இப்படிப்பட்ட வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து சேரும் ஊர் ஓஷ்கோஷ். விஸ்கான்சின் மாநிலத்தில், வின்னிபேகோ ஏரிக் கரையில் இருக்கிறது.

விமானத் திருவிழா

அங்கே அப்படி என்ன விசேஷம்? விமானக் கண்காட்சி! ஒரு வாரம் நடக்கிறது.

சொந்தமாக விமானம் செய்து பறக்கும் ஆசை கொண்டவர்களுக்காக, பால் பாப்ரெஸ்னி என்பவர் 1953-ம் ஆண்டு மில்வாக்கி நகரில் ஒரு சங்கம் தொடங்கினார். சங்கத்தின் கண்காட்சி அந்த ஆண்டே சிறிய அளவில் நடந்தது. 1970-ம் ஆண்டு முதல் ஓஷ்கோஷ் அதன் நிலையான இடம் ஆகிவிட்டது. இப்போது சுமார் 10 ஆயிரம் விமானங்கள் வருகின்றன. 2024-ம் ஆண்டு வந்த கூட்டம் 6 லட்சத்து 86 ஆயிரம்!

இத்தனை விமானங்கள் எப்படி இறங்குகின்றன? சிறிய விமானங்கள் ரெயில் பாதையை அடையாளமாக வைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வருகின்றன. கீழே நிற்கும் அதிகாரி ரேடியோவில், "நீல நிற விமானமே, இறக்கையை ஆட்டு!" என்கிறார். விமானி வாய் திறந்து பதில் சொல்ல வேண்டாம். இறக்கையை ஆட்டினால் போதும். ஓடுபாதையில் வண்ணப் புள்ளிகள் தீட்டி இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு புள்ளியில் இறங்கவேண்டும். அதனால் ஒரே ஓடுபாதையில் அடுத்தடுத்து விமானங்கள் இறங்க முடிகிறது.

நாய்க்கு அனுமதி இல்லை

வண்டிகள் நிற்கும் மைதானத்துக்கு "ஸ்காலர் முகாம்" என்று பெயர். முகாமில் நாய்களைக் கட்டி வைத்துக்கொள்ளலாம். ஆனால், கண்காட்சிக்குள் அழைத்துப் போக அனுமதி இல்லை. கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய் போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு.

அப்படியானால் வண்டியில் பூட்டிவிட்டுப் போகலாமா? அங்கேதான் ஆபத்து!

வெளியே 21 டிகிரி வெப்பம் இருந்தாலே, வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் 32 டிகிரி ஆகிவிடும். அரை மணியில் 40 டிகிரி! நாய்க்கு மனிதனைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பது இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். வண்டியில் குளிர்சாதனம் உண்டு. ஆனால், அது ஜெனரேட்டரில் ஓடுகிறது. ஜெனரேட்டர் நின்றால்?

ஆளுக்குப் பாதி நாள்

இரண்டு நாய்களோடு வந்த ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். மனைவி தையலில் கெட்டிக்காரி. விமான இறக்கைக்குத் துணி போர்த்தும் வித்தையை அங்கே கற்றுத் தருகிறார்கள். அதைப் பார்க்க அவளுக்கு ஆசை. கணவரின் தந்தை, இரண்டாம் உலகப் போரில் "மஸ்டாங்" போர் விமானங்களைப் பழுது பார்த்த மெக்கானிக். மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடிய அந்த விமானம் வானில் பாய்வதை நேரில் பார்க்கவேண்டும் என்பது கணவரின் நெடுநாள் ஆசை.

காலையில் மனைவி போனாள். கணவர் நாய்களுக்குக் காவல் இருந்தார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கணவர் கிளம்பினார்.

அவர் போன சிறிது நேரத்தில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது!

மனைவி பதறவில்லை. நாய்களை வெளியே கொண்டுவந்து நிழலில் படுக்க வைத்தாள். துண்டை நனைத்து வயிற்றையும் பாதத்தையும் துடைத்தாள். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். போன் கையில்தான் இருந்தது. ஆனால், கணவரைக் கூப்பிடவில்லை.

அப்போது தலைக்கு மேலே இடி போல ஒரு முழக்கம். மஸ்டாங்! சிறிய நாய் அவள் மடியில் முகம் புதைத்தது. அதன் காதைப் பொத்திக்கொண்டு அவள் அண்ணாந்து பார்த்தாள்.

மாலையில் திரும்பிய கணவர், விஷயம் தெரிந்ததும் கோபித்துக்கொண்டார்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னால் ஓடி வந்திருப்பாய். உன் அப்பாவின் விமானத்தைப் பார்த்திருக்க மாட்டாய்."

கணவர் பதில் பேசவில்லை. ஜெனரேட்டரைப் பிரித்துப் பழுது பார்க்க உட்கார்ந்தார். மெக்கானிக்கின் மகன் அல்லவா!

இரவில் வாணவேடிக்கை. வெடிச் சத்தம் நாய்களுக்கு ஆகாது. தம்பதி வேடிக்கை பார்க்கப் போகவில்லை. ஜன்னல்களைச் சாத்தினார்கள். ஆளுக்கு ஒரு நாயை மடியில் வைத்துக்கொண்டார்கள். துணி இறக்கையின் கதையை அவள் சொன்னாள். ஓடுபாதையில் நின்ற மஸ்டாங்கின் கதையை அவர் சொன்னார். பாதிப் பாதியாகப் பார்த்த கண்காட்சி, பேச்சில் முழுசாகிவிட்டது!