ஆழ்நீரில் ஓர் அணி

கடந்த கோடை விடுமுறையின் இறுதி வாரத்தில், நகரியில் விசைத்தறி நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் நம் கிளைக்கு வந்தார். பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து முடிந்த பின்னும் அவர் எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த படிவம் ஒன்றை எடுத்து நம் மேசைமீது வைத்தார். அவருடைய பன்னிரண்டு வயது மகன் சென்னையில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறான். அங்கே இரண்டு ஆண்டுகளாக நீச்சல் பயின்ற அவனை, இளையோருக்கான வாட்டர் போலோ கிளப்பில் சேர்த்துக்கொள்ளப் பயிற்சியாளர் முன்வந்திருக்கிறார். தந்தையின் கையொப்பம் மட்டுமே எஞ்சியிருந்தது.

"பணம் கட்டிடலாம் சார். தண்ணிதான் பயமா இருக்கு" என்றார்.

காரணத்தையும் அவரே சொன்னார். அவருடைய அண்ணன் பதினைந்தாம் வயதில் ஊர்க் கிணற்றில் மூழ்கி இறந்தவர். நீந்தத் தெரிந்தவர்தான். தத்தளித்த நண்பனைக் காப்பாற்றக் குதித்தவர், அவனுடைய பிடியிலிருந்து மீள முடியாமல் அவனோடு சேர்ந்தே மறைந்துபோனார். அதன்பின் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் நீரில் இறங்கியதில்லை. ஆனால் அதே அண்ணனைப் பறிகொடுத்த அக்காதான், தம்பி மகன் நீச்சல் கற்றே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றிருக்கிறார். ஒரே துயரத்திலிருந்து உடன்பிறந்த இருவரும் இரண்டு முடிவுகளுக்கு வந்திருந்தனர்.

அந்த அச்சத்தை வீண் அச்சம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். நம் நாட்டில் மட்டும் ஆண்டுதோறும் 30,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு உயிரிழப்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகள் காட்டுகின்றன. ஏரி, கிணறு, ஆறு என நம்மைச் சுற்றி எங்கும் நீர் இருக்கிறது. அதனோடு பழகும் முறையைக் கற்பிக்கும் இடங்கள்தாம் குறைவு.

படிவத்தைப் படித்துவிட்டு, நேரில் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்றோம். வங்கிக்கு விடுமுறையான இரண்டாம் சனிக்கிழமையன்று ஏகாம்பரகுப்பம் நிலையத்தில் இருவரும் இரயில் ஏறினோம். திருத்தணி கடந்ததும், "இது வெள்ளைக்காரன் ஆட்டம்தானே சார்? நமக்கு எதுக்கு?" என்று கேட்டார்.

ஆட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் பிறந்தது உண்மைதான். 1900ஆம் ஆண்டிலேயே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. மகளிர் பிரிவு 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் சேர்ந்தது. ஆயினும் நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சின்கியிலும் இந்திய வாட்டர் போலோ அணி ஒலிம்பிக்கில் ஆடியது. இடையில், 1951இல் புதுதில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சிங்கப்பூரை வென்று தங்கம் பெற்றது. பின்னர் 1970இல் பாங்காக்கில் வெள்ளி, 1982இல் மீண்டும் தில்லியில் வெண்கலம். ஒலிம்பிக் வாய்ப்பு மட்டும் 1952க்குப் பிறகு நமக்கு வாய்க்கவில்லை.

1951இல் தங்கம் வென்ற அணியில் ஆடியவர் சச்சின் நாக். அதே போட்டியில் 100 மீட்டர் நீச்சலிலும் தங்கம் வென்ற அவர், காசியில் பிறந்து கங்கையில் நீந்தி வளர்ந்தவர். பிறகு கல்கத்தாவின் நீச்சல் கிளப்புகளில் தேர்ச்சி பெற்றார். அந்நகரின் ஹட்கோலா கிளப்பில், இராணுவத்தில் சாதாரணப் பணியிலிருந்த ஒரு தந்தை தம் சிறுமகளைச் சேர்த்துவிட்டார். சச்சின் நாக்கின் கண்ணில் பட்டு வளர்ந்த அந்தச் சிறுமிதான் ஆரத்தி சாகா. 1959இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த அவர், அவ்வாறு கடந்த முதல் ஆசியப் பெண் என்னும் பெருமையைப் பெற்றார். அதற்கும் தொடக்கம் ஒரு தந்தை ஒரு கிளப்பின் வாயிலுக்கு மகளை அழைத்துச் சென்றதே என்று சொல்லி முடித்தோம். அவர் ஒன்றும் பேசாமல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

குளத்தை அடைந்தபோது பயிற்சி தொடங்கியிருந்தது. ஓர் அணிக்குக் காவலரையும் சேர்த்து 7 பேர் நீரில் இருப்பர். முறையான ஆட்டம் 8 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடக்கும். சிறுவர்களுக்கு நேரம் குறைக்கப்படுவதும் உண்டு. காவலரைத் தவிர மற்றவர்கள் பந்தை ஒரு கையால்தான் கையாள வேண்டும். தரையில் காலூன்றக் கூடாது. காதுகளைக் காக்கும் தடுப்புடன் கூடிய தொப்பி அணிவர். எதிராளியைக் கீறிவிடாதிருக்க, விரல் நகங்கள் வெட்டப்பட்டுள்ளனவா என்று ஆட்டத்துக்கு முன் நடுவர் பார்ப்பார்.

சிறுவர்கள் ஆழமான பகுதியில் நிமிர்ந்த நிலையில் மிதந்தவாறு, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தனர். நீருக்கடியில் அவர்களுடைய கால்கள் ஒன்று மாற்றி ஒன்றாக, மத்து சுழல்வதுபோல் வட்டமிட்டன. இந்த ஆட்டத்தின் அடிப்படை இதுதான். நீரில் உயிர்காக்கும் பணியாளர்களும் இதே கால்வீச்சைப் பயில்கின்றனர். மகன் தந்தையைப் பார்த்தான், கைகளை இறக்கவில்லை.

தந்தை பயிற்சியாளரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கூட இருக்கிற பையன் முழுகினா, இவன் என்ன பண்ணணும் சார்?"

"குதிக்கக் கூடாதுங்க" என்றார் பயிற்சியாளர் உடனே. "மொதல்ல கத்தி ஆளைக் கூப்பிடணும். கரையில இருந்தே கம்பு, துண்டு, கயிறு எதையாவது நீட்டணும். மிதக்கிற பொருள் இருந்தா வீசணும். எல்லாப் பசங்களுக்கும் இதைத்தான் முதல்ல சொல்லித் தரேன்."

தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கு இதை யாராவது சொல்லியிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

அதன்பின் நாம் நமக்குத் தெரிந்த வேலையைப் பார்த்தோம். பிள்ளைகளைக் கிளப்பில் சேர்க்க எண்ணும் வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால், அன்று கேட்டறிந்தவற்றை இங்கே சொல்கிறோம். பயிற்சியாளரைத் தவிர, நீரை மட்டுமே கவனிக்கும் உயிர்காப்பாளர் தனியே இருக்கிறாரா? இடைவிடாமல் நீந்தவும் ஆழத்தில் மிதக்கவும் தெரிகிறதா என்று சோதித்த பிறகே ஆட்டத்தில் சேர்க்கிறார்களா? காது நோய், ஆஸ்துமா, வலிப்பு போன்றவை உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவர் சான்று கேட்கிறார்களா? உடை மாற்றும் இடம் பாதுகாப்பானதா? பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாமா?

பணத்தைப் பொறுத்தவரை, கிளப் பதிவு பெற்ற சங்கமா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டின் சட்டப்படியும், ஆந்திரத்தில் 2001ஆம் ஆண்டின் சட்டப்படியும் சங்கங்கள் பதிவு செய்யப்படுகின்றன. ஒவ்வொரு தொகைக்கும் ரசீது பெறுங்கள். கட்டணத்தைத் தனிநபர் கணக்கில் செலுத்தாமல் சங்கத்தின் கணக்கிலேயே செலுத்துங்கள். இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். மாதக் கட்டணத்தை எல்லோரும் கணக்கிடுகிறோம். வெளியூர்ப் போட்டிகளுக்கான பயணச் செலவை மறந்துவிடுகிறோம். ஓராண்டுச் செலவு முழுவதையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அத்தொகைக்குத் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கினால், போட்டிக் காலத்தில் கடன் தேட வேண்டியிராது.

இரயில்வே, பாதுகாப்புப் படைகள் முதலியவற்றுக்கு வாட்டர் போலோ அணிகள் இருக்கின்றன. சிறந்து விளங்குவோருக்கு அங்கே வேலைவாய்ப்பும் உண்டு. ஆனால் அதை மட்டுமே எண்ணிப் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். எல்லோருக்கும் பதக்கம் கிடைப்பதில்லை. நீரில் தன்னைக் காத்துக்கொள்ளும் பழக்கமோ சேரும் எல்லோருக்கும் கிடைக்கக்கூடியது.

அன்று மாலை தந்தை கையொப்பமிட்டார். அதற்குமுன் மகனிடம் ஒரு வாக்குறுதி பெற்றார்: எவ்வளவு தேர்ந்தாலும், பெரியவர் துணையின்றி ஊர்க் கிணற்றிலோ ஏரியிலோ இறங்கக் கூடாது. "சரிப்பா" என்றான் மகன், தலையைத் துவட்டிக்கொண்டே.

அடுத்த திங்கட்கிழமை காலை, கிளை திறந்ததும் அவர் வந்தார். தொடர் வைப்புக் கணக்குக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, சற்றுத் தயங்கிக் கேட்டார்: "நாப்பத்தஞ்சு வயசுல நீச்சல் கத்துக்க முடியுமா சார்?"

முடியும் என்றோம்.