பேலா பார்ட்டோக் (1881–1945): கிராமிய கானம் தேடிய சங்கீத மேதை

1904ஆம் ஆண்டில் திரான்சில்வேனியப் பணிப்பெண் ஒருத்தி பாடிய பாட்டைச் செவியுற்றது முதல் கிராமிய கானத்தில் மனம் பறிகொடுத்த ஹங்கேரிய சங்கீத மேதை பேலா பார்ட்டோக், நண்பர் ஸோல்ட்டான் கோடாயுடன் பணியைப் பகிர்ந்துகொண்டு, எடிசனின் போனோகிராப் யந்திரத்துடன் குக்கிராமங்கள்தோறும் சென்று, குடியானவர்கள் அதன் குழல்வாயருகே நின்று பாட, அவர்கள் குரலைச் சுழலும் மெழுகு உருளையில் ஊசிமுனை கீறிப் பதியுமாறு செய்தார். ஓர் உருளை சில நிமிஷப் பாட்டையே கொள்ளும். ஆயினும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பாடகரின் நுண்ணிய குரலசைவுகளையும் விடாது ஸ்வரப்படுத்திய அவருடைய சிரத்தை நம் வணக்கத்துக்குரியது. 1907இல் திரான்சில்வேனியாவில், ஐந்தே ஸ்வரங்களில் அமைந்த புராதன மெட்டுக்கள் அவருக்குக் கிட்டின. ஸ்லோவாக்கிய, ருமேனியப் பாடல்களையும், 1913இல் அல்ஜீரியாவின் அரபு கானத்தையும், 1936இல் துருக்கிப் பாடல்களையும் பேதமின்றித் தொகுத்தார். அவர் பதிந்த உருளைகள் பல புடாபெஸ்ட் இனவரைவியல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.